சொல்லாமல் போன பாலிசி

இறந்தவர் பாலிசி போட்டிருந்தது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியும். அவர் இறந்துபோனது தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இறப்பு தெரியும், பாலிசி தெரியாது. இந்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாதவரை பணம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இறப்பைப் பதிவு செய்யும் ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களிலிருந்து ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தகவல் தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. பிரீமியம் வருவது நின்றால் நிறுவனத்தின் கணக்கில் அது லேப்ஸ் ஆன பாலிசி. பணம் கட்ட முடியாமல் விட்டவருக்கும் மாரடைப்பில் போனவருக்கும் அந்தப் பதிவேட்டில் வித்தியாசம் தெரியாது.

நம் வீடுகளில் இது ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது? முதல் காரணம், பாலிசி போட்ட விதம். பெரும்பாலும் யாரும் யோசித்துத் திட்டமிட்டுப் போடுவதில்லை. சித்தப்பா மகன் ஏஜெண்ட் ஆகியிருப்பான், அவன் முகத்துக்காக ஒன்று. மார்ச் மாதம் வருமான வரிக்காக ஒன்று. வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியில் கையெழுத்து வாங்கிய காகிதங்களுக்கு நடுவே ஒன்று. வாங்கியவரே மறந்துபோகும் அளவுக்கு அவை சிதறிக் கிடக்கும். இன்னொரு காரணம், நம் ஊர் அப்பாக்கள் பணவிஷயத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. “எனக்கு ஏதாவது ஆயிட்டா” என்று பேச்சை எடுத்தாலே, “விளக்கு வெச்ச நேரத்துல என்ன பேச்சு இது” என்று அம்மா வாயை அடைத்துவிடுவார்.

ஒருவர் இறந்ததும் எல்லோரும் தேடுவது பாலிசிப் பத்திரமான பாண்டை. பீரோ, டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால் என்று துழாவிவிட்டு, கிடைக்கவில்லை என்றால் பாலிசியே இல்லை என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பாண்டு வீட்டில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பாலிசியின் பேரில் கடன் வாங்கியிருந்தால் அது காப்பீட்டு அலுவலகத்திலேயே இருக்கும். வேறு கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்து அசைன் செய்திருந்தால் வங்கியில் இருக்கும். அண்மை ஆண்டுகளில் எடுத்ததென்றால் காகிதமே இல்லாமல் மின்னணு வடிவில் மட்டும் இருக்கலாம். பாண்டு தொலைந்துபோயிருந்தாலும் உரிமை தொலைவதில்லை. இழப்பீட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். அதனால் பாண்டைத் தேடி நாள் போக்காமல், பிரீமியம் எந்த வழியாகப் போனது என்று தேடுங்கள். பாலிசி ஒளிந்துகொள்ளும். மாதாமாதமோ வருடாவருடமோ கையைவிட்டுப் போன பணம் எங்காவது ஒரு தடயம் விட்டிருக்கும்.

எங்கள் தெருவில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் இறந்து காரியம் முடிந்த வாரத்தில், அவர் மனைவி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “அவரு இன்சூரன்ஸ் எல்லாம் ஒண்ணும் போடல தம்பி, கேஸ் புக்கும் ரேஷன் கார்டும்தான் இருக்கு, பேரு மாத்தணும்” என்றார். அடியில் வங்கி பாஸ்புக் இருந்தது. இரண்டு வருடமாக வரவு பதியாத புத்தகம். வங்கிக்குப் போய்ப் பதிந்து வாங்கி, ஒரு அளவுகோலை வைத்து வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தோம். டீசல் போட்டது, மகளுக்குப் பீஸ் கட்டியது, ஐநூறு ஐநூறாக ஏ.டி.எம்.மில் எடுத்தது. மே மாதக் கடைசியில் ஒரு வரி: 436 ரூபாய் பற்று. முந்தைய மே மாதத்திலும் அதே 436. “இது என்ன கரண்ட் பில்லா?” என்றார் அக்கா. அது 2 லட்ச ரூபாய்.

பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தின் பிரீமியம் அது. 2015 மே மாதம் தொடங்கிய திட்டம். முதலில் ஆண்டுக்கு 330 ரூபாயாக இருந்து, 2022 ஜூன் 1 முதல் 436 ஆனது. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், 55 வயது வரை காப்பு உண்டு. ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை ஓர் ஆண்டுக் கணக்கு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாளில் விபத்து தவிர்த்த மரணத்துக்குக் கிடையாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஜன்தன் கணக்கு தொடங்கும்போதும் நூறுநாள் வேலைப் பணம் வாங்கக் கணக்கு தொடங்கும்போதும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பாண்டு என்று எதுவும் கையில் கிடைப்பதில்லை. பாஸ்புக்கின் அந்த ஒற்றை வரிதான் பாண்டு. அதன் பக்கத்திலேயே 20 ரூபாய், பழைய பதிவென்றால் 12 ரூபாய் பிடித்திருந்தால், அது விபத்துக் காப்பீடான சுரக்ஷா திட்டம். விபத்தில் மரணம் என்றால் இன்னொரு 2 லட்சம். கோரிக்கைப் படிவத்தைக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையிலேயே கொடுக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, இறந்தவரின் எல்லாக் கணக்குகளுக்கும் குறைந்தது மூன்று நான்கு வருடப் பரிவர்த்தனைப் பட்டியலை வாங்குவது. கணக்கை முடித்துக் காசை எடுக்கும் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கட்டும் பிரீமியம் என்றால் ஆறு மாதப் பட்டியலில் அகப்படாது. ஒரே தொகை ஒரே இடைவெளியில் போயிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், இப்படிச் சீராகப் போகும் பணம் வட்டியாகவோ சீட்டாகவோ இல்லையென்றால் பெரும்பாலும் பிரீமியமாகத்தான் இருக்கும்.

பணமாகக் கட்டியவர்களின் தடயம் வேறு மாதிரி. வருடப் பிறப்புக்கு ஏஜெண்டுகள் தங்கள் பாலிசிதாரர்களுக்கு டைரியும் காலண்டரும் கொடுப்பது வழக்கம். வீட்டில் பழைய எல்.ஐ.சி. டைரி ஒன்று கிடந்தால் அதன் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஒன்பது இலக்க எண் ஒன்று, பக்கத்தில் ஒரு தொகை, ஒரு மாதத்தின் பெயர் எழுதியிருந்தால் கிட்டத்தட்டப் பாலிசியைப் பிடித்துவிட்டீர்கள், எல்.ஐ.சி.யின் பாலிசி எண்கள் ஒன்பது இலக்கம். கட்டிய ரசீது ஒன்றே ஒன்று அகப்பட்டாலும் போதும்.

அரசு ஊழியர், ஆசிரியர், போக்குவரத்துக் கழகத் தொழிலாளி என்றால் சம்பளச் சீட்டைப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துக் கட்டும் பாலிசிகளுக்கு வங்கியில் தடயமே இருக்காது, எல்லாம் பிடித்தங்களின் பட்டியலில்தான். அங்கேயே அஞ்சலக ஆயுள் காப்பீட்டின் பிடித்தமும் இருக்கலாம். அது 1884-இல் தொடங்கி இன்றும் நடக்கும் திட்டம். கிராம மக்களுக்கான அதன் கிளைத் திட்டம் 1995-இல் வந்தது. அப்பா தபால் நிலையத்தில் கட்டியதை ஆர்.டி. என்று நினைத்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. வரி கட்டியவர் என்றால் அலுவலகம் கொடுத்த படிவம் 16-இல், வரிச் சலுகைக்கான சேமிப்பைக் காட்டும் 80சி பகுதியைப் பார்த்தால் காப்பீட்டுக்குக் காட்டிய தொகை தெரியலாம்.

அவருடைய செல்போனை உடனே அணைத்துவிடாதீர்கள். சிம்மை ஒரு வருடமாவது உயிரோடு வைத்திருங்கள். பிரீமியம் தவணை தாண்டினால் நினைவூட்டல் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். தெரியாத பாலிசி தானே வந்து கதவைத் தட்டுவது பெரும்பாலும் அந்த ஒரு வழியில்தான்.

பிரீமியத்தைப் பின்தொடரும் இந்த வழிக்கு ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. தொழிலாளியின் கையிலிருந்து ஒரு பைசாகூடப் போகாத காப்பீடு அது. பி.எஃப். பிடிக்கும் எந்த வேலையில் இருந்தவருக்கும் வைப்புநிதியோடு இணைந்த காப்பீடு உண்டு. அதற்கான சந்தாவை முதலாளிதான் கட்டுகிறார். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குச் சம்பளத்தையும் வைப்புநிதி இருப்பையும் பொறுத்து அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் இதுதான் உச்சவரம்பு. வேலை நேரத்தில், வேலையிடத்தில் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் தூக்கத்தில் போயிருந்தாலும் பொருந்தும். கேட்க வேண்டிய படிவத்தின் பெயர் 5 ஐ.எஃப். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கோவை மில்லிலும் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் பி.எஃப். பணத்தையும் பென்ஷனையும் மட்டும் வாங்கிக்கொண்டு இதைக் கேட்காமல் திரும்பிவிடக் கூடாது என்பது என் ஆதங்கம்.

கடன்களும் அப்படித்தான். வீட்டுக் கடன், வாகனக் கடன், சுயஉதவிக் குழுக் கடன், இவற்றைக் கொடுக்கும்போதே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். அந்தப் பிடித்தம் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது கடன் வாங்கியவரின் உயிர்க் காப்பீடாக இருந்தால், இறப்புக்குப் பிறகு கடன் பாக்கியைக் காப்பீட்டு நிறுவனம்தான் கட்ட வேண்டும். அது தெரியாமல் தாலிச் செயினை விற்றுத் தவணை கட்டும் பெண்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. கடன் வழங்கிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பிடித்தங்களைப் படித்துப் பார்க்காமல் ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தடயம் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் பெயரை வைத்துத் தேட வேண்டும். இங்கேதான் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பாலிசியில் எஸ். முருகன் என்றிருக்கும், ஆதாரில் முருகன் சுப்பிரமணியன் என்றிருக்கும், ரேஷன் கார்டில் முருகேசன் என்றே இருக்கும். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த தேதியோ இன்னும் மோசம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதிதான் அந்தத் தலைமுறையில் பலருக்கு அதிகாரப்பூர்வத் தேதி. ஜாதகத்தில் உள்ள தேதியைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், வாக்காளர் அட்டை நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரின் எல்லா வடிவங்களையும் தேதியின் எல்லா வடிவங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1,000 ரூபாயும் அதற்கு மேலும் உரிமை கோரப்படாமல் இருக்கும் தொகைகளைப் பற்றிய விவரத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் தேடும் வசதியோடு வைக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளை. எல்.ஐ.சி. தளத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தாலே தேடலாம். எல்.ஐ.சி.யில் மட்டும் 2023-24 நிதியாண்டில் முதிர்வுத் தொகையை வாங்காமல் விட்டவர்கள் 3,72,282 பேர், தொகை 880.93 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொல்லியிருக்கிறது. பத்து ஆண்டு தாண்டியும் யாரும் கேட்காத தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். போனாலும் அதற்குப் பின் 25 ஆண்டுகள் வரை அதே காப்பீட்டு நிறுவனத்தின் வழியாகக் கேட்டு வாங்கலாம். “ரொம்ப வருஷம் ஆயிடுச்சே” என்று விட்டுவிட வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் எவை இருக்கும், எவை இருக்காது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பலர் ஏமாந்துபோகும் இடம் இது. கொடுக்க வேண்டியது என்று நிறுவனத்தின் கணக்கில் ஏறிய பணம்தான் அங்கே வரும்: முதிர்வு தேதி தாண்டியது, அனுப்பிய காசோலை திரும்பி வந்தது, கிளெய்ம் எழுதி முடியாமல் நின்றது. உங்கள் அண்ணன் போன வருடம் இறந்தார், 2040-இல் முதிரும் பாலிசி ஒன்று வைத்திருந்தார், யாரும் போய்ச் சொல்லவில்லை என்றால் அது அந்தப் பட்டியலில் இருக்காது. நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், தவணைதான் கட்டவில்லை. இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசி என்றால் பொதுவாக முதிர்வே கிடையாது, யாரும் போய் இறப்பைச் சொல்லாதவரை அது அங்கே தலைகாட்டாது. ஆகவே இணையத்தில் பெயர் வரவில்லை என்பதை வைத்துப் பாலிசி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இறப்புச் சான்றிதழ், உறவைக் காட்டும் ஆவணம், பிறந்த தேதிச் சான்று ஆகியவற்றின் நகலோடு எழுத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி, இவர் பெயரில் பாலிசி இருக்கிறதா என்று தேடித் தரும்படி அவர் வாழ்ந்த, வேலை பார்த்த ஊர்களின் கிளைகளில் கொடுங்கள். ஒப்புதல் முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள்.

2000-இல் தனியார் நிறுவனங்கள் வந்த பிறகு இந்தத் தேடலின் பரப்பு பெருகிவிட்டது. இன்று 25-க்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2016 முதல் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கம் ஒரு சேவை நடத்துகிறது. இறந்தவரின் விவரத்தை ஓர் இடத்தில் கொடுத்தால், அதில் சேர்ந்த நிறுவனங்கள் தங்கள் பதிவேட்டைத் தேடிப் பார்த்து, பாலிசி இருந்தால் உரியவரைத் தொடர்புகொள்கின்றன. வங்கி வைப்புகளுக்கு ரிசர்வ் வங்கி 2023-இல் உத்கம் என்ற பொதுத் தேடல் தளத்தைக் கொண்டுவந்தது. ஆதாரும் பானும் எல்லாவற்றிலும் இணைந்திருக்கும் நாட்டில், இறப்பைச் சொன்னால் எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் தேடிப் பதில் சொல்லும் வசதியைச் செய்ய முடியாதா? முடியும். செய்ய வேண்டும்.

கிடைத்த ரசீதில் இருக்கும் நிறுவனத்தின் பெயர்ப்பலகை இன்று எங்கும் இல்லை என்றாலும் கலங்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த ஏ.எம்.பி. சன்மார் 2005-இல் ரிலையன்ஸ் கைக்குப் போனது. ஐ.என்.ஜி. வைஸ்யா, எக்ஸைடு லைஃப் ஆகி, 2022-இல் எச்.டி.எஃப்.சி. லைஃபோடு இணைந்தது.  நிறுவனம் கை மாறும்போது பாலிசிகளும் சேர்ந்தே மாறும்.

பாலிசி கிடைத்தது, ஆனால் லேப்ஸ் என்று கவுண்டரில் சொல்கிறார்கள். எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் இறந்த நாளில் பிரீமியம் நடப்பில் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு கட்டாமல் போனது கணக்கிலேயே வராது; இறந்தவர் எப்படிக் கட்டுவார்? தவணைத் தேதி தாண்டியிருந்தாலும் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் கருணைக் காலம் உண்டு. எல்.ஐ.சி.யின் பழைய பாலிசிகள் பலவற்றில் இன்னொரு சலுகையும் இருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு பிரீமியம் கட்டியிருந்து, கட்டாமல் விட்ட முதல் தவணையிலிருந்து 6 மாதத்துக்குள் இறந்திருந்தால் முழுத் தொகையும் உண்டு. 5 ஆண்டு கட்டியிருந்தால் 12 மாதம் வரை. அதையும் தாண்டியிருந்தால்கூட, மூன்று ஆண்டு கட்டிய, முதிர்விலும் பணம் தரும் எண்டோமென்ட் பாலிசிக்குப் பெய்டு-அப் மதிப்பு இருக்கும். கட்டிய தவணைகளின் விகிதத்தில் ஒரு தொகை வரும். சம்பளத்தில் பிடித்துவிட்டு அலுவலகம் கட்டாமல் விட்டதால் லேப்ஸ் ஆனது என்றால், 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பசந்தி தேவி வழக்கைச் சொல்லுங்கள். சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் பிரீமியத்தைப் பிடித்துக் கட்டும் முதலாளி எல்.ஐ.சி.யின் முகவர்போலத்தான் செயல்படுகிறார், அவர் தவறுக்குக் குடும்பம் பலியாகக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு.

அப்பா சர்க்கரை வியாதியை மறைத்துப் போட்டிருப்பாரோ என்ற பயத்தில் கேட்காமலே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாலிசி தொடங்கி, அல்லது கடைசியாகப் புதுப்பித்து 3 ஆண்டு முடிந்துவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு.

நாமினி விஷயம் கொஞ்சம் உரசலானது. கல்யாணத்துக்கு முன் போட்ட பாலிசியில் நாமினி அம்மாவாக இருப்பார், அதை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கும் உரிமை உள்ளவர் மட்டுமே, பணம் வாரிசுகளுக்குத்தான் என்று 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் வந்த சட்டத் திருத்தம், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று மாற்றியது. அதன்பிறகும் வாரிசுகள் வழக்குக்குப் போகத்தான் செய்கிறார்கள். மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ள முடிந்தால், வக்கீலுக்குப் போகும் பணமாவது வீட்டில் இருக்கும். நாமினியே இல்லை, அல்லது அவரும் இறந்துவிட்டார் என்றால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆவணங்கள் முழுதாகக் கொடுத்து, விசாரணை தேவைப்படாத இறப்புக் கோரிக்கையை 15 நாளில் முடிக்க வேண்டும், விசாரணை இருந்தால் 45 நாள் என்பது ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதி. தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி நியாயமான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2011-லேயே ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஏன் தாமதம் என்று ஒரு பக்கம் உண்மையாக எழுதிக் கொடுங்கள். பாலிசி இருப்பதே தெரியாது என்பதுதான் காரணம் என்றால் அதையே எழுதுங்கள். நிறுவனம் ஒரு மாதம் பதில் சொல்லாவிட்டாலும், மறுத்துவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அவர் அலுவலகம் சென்னையில். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இறப்பு விவரம் வெளியே தெரிந்ததும் சில தொலைபேசி அழைப்புகள் வரும். “உங்க அப்பா பாலிசியில போனஸ் நிக்குது, ஜி.எஸ்.டி. மட்டும் கட்டுங்க” என்பார்கள். இறப்புப் பணத்தை விடுவிக்க யாரும் முன்பணம் கேட்பதில்லை. வைத்துவிடுங்கள்.

டெம்போ அண்ணன் வீட்டில் நாமினி அவருடைய அம்மாதான். கணக்கு தொடங்கியது கல்யாணத்துக்கு முன்னால். காது சரியாகக் கேட்காத அந்தப் பாட்டியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனோம், கைநாட்டு வைத்தார். “எவ்ளோ வரும்?” என்று மருமகளிடம் இரண்டு தடவை கேட்டார். மஞ்சப்பையின் அடியில் இன்னொரு தாளும் இருந்தது: 2009-இல் கட்டிய பிரீமியம் ரசீதில் பாதி. நிறுவனத்தின் பெயர் முழுதாக இருக்கிறது, பாலிசி எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் கிழிந்துபோயிருக்கின்றன. அவருடைய பள்ளிச் சான்றிதழை எடுக்க, அவர் படித்த ஊருக்கு வருகிற திங்கட்கிழமை போகிறோம்.